வினிதா பால்கனிக்கு நின்ற முட்டு

இது எனக்கு நடந்தது. 'ஸ்ரீதேவி கதை விடுகிறாள்' என்று சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். என் இரண்டு கைகளும் இன்றைக்கும் தோளுக்கு மேல் எழும்பாது. தலை சீவிவிட மகள்தான் வர வேண்டும். டாக்டர் படமெடுத்துப் பார்த்துவிட்டு எலும்பில் ஒன்றுமே இல்லை என்கிறார். அவரிடம் நான் எதைச் சொல்ல?

பேய் என்றதும் அமாவாசை, நாய் ஊளை என்று எதிர்பார்க்காதீர்கள். எனக்கு நடந்தது பட்டப்பகலில். ஞாயிற்றுக்கிழமை, உச்சி வெயில். எதிர் வீட்டு டிவியில் சமையல் நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது கூட எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

மைசூரில் அக்ரஹாரத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. கொள்ளேகாலிலிருந்து வந்த என் மாமனார் கட்டியது. பழைய வீடு, கூரை தாழ்வு. என் கணவர் சீனிவாசன் சட்டை மாட்டக் கையைத் தூக்கினால் ஃபேன் தட்டும். கீழே நாங்கள் இருவரும் மகள் தமிழ்ப்ரியாவும். மேலே பிறகு கட்டிய மாடியில் என் கொழுந்தன் தீபக்கும் அவன் மனைவி வினிதாவும்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வினிதா மேல் எனக்குப் பொறாமை. கொஞ்சநஞ்சமல்ல. காலையில் அவளைக் கூட்டிப்போக கம்பெனி கார் வந்து நிற்கும்போது நான் வாசல் கழுவிக்கொண்டிருப்பேன். "ஹாய் அக்கா" என்று ஈரத்தைத் தாண்டிப் போவாள். அவள் ஒரு நாளும் என்னை மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை. அதுவேறு எரிச்சல். சண்டை போடவும் ஒரு காரணம் தரமாட்டாள்.

கல்யாணமான புதிதில் நானும் கேட்டேன். மேலே ஒரு ரூம், முன்பக்கம் சின்னதாக ஒரு பால்கனி. சாயங்காலம் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் சாமுண்டி மலை தெரியும். சீனிவாசன் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அஸ்திவாரம் தாங்காது. பதினாறு வருஷம் அதை நம்பினேன். போன மாசி மாதம் வினிதா கேட்டாள். அஸ்திவாரம் உடனே தாங்கிவிட்டது.

இன்ஜினியர் வந்தார். அஸ்திவாரம் பார்க்க என் வாசலில்தான் குழி தோண்டினார்கள். மூன்றடிக்குக் கீழே கல். மண் சாந்தில் வைத்த கல். அவர் குழியில் இறங்கி நின்று மேலே பார்த்துப் பேசினார். நான் சமையலறை ஜன்னலில் காய் நறுக்கிக்கொண்டே கேட்டேன்.

"நோடி மேடம், இங்க பாருங்க, அஞ்சடி கேக்காதீங்க. மூணடிதான். அது கீழ தூணே இல்லாம அந்தரத்துல நிக்கும். வெளிய மூணடி நீண்டா, உள்ள நாலரை அடி போய்ப் புடிச்சுக்கணும். இல்லாட்டா செவுத்தையே சாய்ச்சிடும்."

"உள்ளன்னா எங்க சார்?" என்றாள் வினிதா.

"கீழ் வீட்டு ஹால் கூரைய ஒடைச்சுத்தான்."

கேட்டீர்களா? காற்று அவளுக்கு, மலை அவளுக்கு. பிடித்துக்கொள்ள மட்டும் என் தலைக்கு மேல் இருக்கும் கூரை. பத்து நாள் என் ஹாலில் சிமெண்ட் தூசு. சாம்பாரில் தூசு. சீனிவாசனிடம் சொன்னேன். "பரவால்ல விடு, நல்லாத்தான் வருது" என்றார். அந்த 'நல்லாத்தான் வருது' என் வயிற்றில் பற்றவைத்த நெருப்பு அப்புறம் அணையவே இல்லை.

கான்கிரீட் போடும் நாள் இன்ஜினியர் மேஸ்திரியிடம் மூன்று தடவை சொன்னார். "கம்பி மேல் பக்கம் இருக்கணும். இது ரூம் கூரை மாதிரி இல்ல. யாரும் மிதிச்சுக் கீழ எறக்கிடாதீங்க. எறங்கினா அந்தக் கம்பி இருந்தும் இல்லாத மாதிரிதான்." சொல்லிவிட்டு போன் வந்தது என்று தெருமுனைக்குப் போனார். கான்கிரீட் சட்டி சுமந்தவர்கள் அந்தக் கம்பி மேலேயே நடந்தார்கள். போக வர, போக வர, நாற்பது நடை. கம்பி வளைந்து அடிப் பலகையோடு ஒட்டிக்கொண்டதை நான் படிக்கட்டில் நின்று பார்த்தேன்.

பார்த்தேன். ஆனால் சொல்லவில்லை.

பால்கனிக்குக் கீழே, என் வாசலில், பலகையைத் தாங்க ஆறு முட்டு. எல்லாம் நீலகிரி மரக் கம்பு. வெளி ஓரத்தில் மூன்று, சுவரோரம் மூன்று. ஒவ்வொன்றின் அடியிலும் இரண்டு மர ஆப்பு அடித்து இறுக்கியிருந்தார்கள். இருபத்தெட்டு நாள் தொடக்கூடாது என்று உத்தரவு. முட்டும் பலகையும் வாடகைக்குக் கொடுத்தவர் ஜடையன். ஹனூர்க்காரர், இரண்டு சந்து தள்ளிக் குடியிருக்கிறார்.

வினிதா ஒரு திருஷ்டி பொம்மை வாங்கி வந்து பலகையில் கட்டினாள். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதாம். சரி, கட்டட்டும். ஆனால் அது தெருவைப் பார்த்துத் தொங்கவில்லை. நாக்கை நீட்டிக்கொண்டு என் வாசற்படியைப் பார்த்துத் தொங்கியது. யார் கண்ணுக்குப் பயம் என்று சொல்லாமலே சொல்லிவிட்டாள்.

ஒன்பதாவது நாள் அந்த ஞாயிறு. கொள்ளேகாலில் சொந்தத்தில் கல்யாணம். நானும் பட்டுப்புடவையை எடுத்து வைத்திருந்தேன். முந்தின நாள் ராத்திரி வினிதா வந்தாள்.

"அக்கா, நீங்க இருந்து தண்ணி விட்டுடறீங்களா? மூணு வேளையும் விடணுமாம். வேற யாரையும் நம்ப முடியல."

நான் புடவையை மடித்து உள்ளே வைத்தேன். காலை ஏழு மணிக்கு சீனிவாசன், தீபக், வினிதா மூன்று பேரும் காரில் போனார்கள். தமிழ்ப்ரியா டிராயிங் கிளாஸுக்குப் போனாள். ஒன்றரைக்குத்தான் வருவாள். வீட்டில் நான் மட்டும்.

மணி 12.05. போன் 'டிங்' என்றது. வினிதா போட்டோ அனுப்பியிருந்தாள். என் கணவர், அவள் கணவர், என் நாத்தனார், நடுவில் அவள். கீழே ஒரு வரி. 'எல்லாரும் பால்கனி பத்தித்தான் கேக்கறாங்க அக்கா.'

அப்போது ஒன்றும் நினைக்கவில்லை. மாடிக்குப் போனேன். சாக்கு போர்த்திய கான்கிரீட் மேல் நாலு வாளி தண்ணீர் ஊற்றினேன். என் கையாலேயே ஊற்றினேன்.

மணி 12.20. கீழே இறங்கி வந்தேன். பலகை இடுக்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அடியில் மீந்துபோன மணல் மேடு. மணலில் விழும் சத்தம்.

டப்... டப்... டப்...

ஒரு இடத்தில் மட்டும் சத்தம் இல்லை. சுவரோரம், இரண்டாவது முட்டுக்கும் மூன்றாவது முட்டுக்கும் நடுவே. மேலே சொட்டு திரண்டு விழுவது தெரிந்தது. ஆனால் கீழே மணல் காய்ந்து கிடந்தது. பாதி வழியில் ஏதோ மேல் விழுந்து உறிஞ்சப்படுகிற மாதிரி. வெயிலில் நின்று வந்ததால் கண் கூசுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

உண்மையில் என் புத்தி அதில் இல்லை. அந்த போட்டோவில் இருந்தது.

ஒரு விரிசல். அவ்வளவுதான் நான் கேட்டது. சின்னதாக ஒரு விரிசல் விழுந்தால் போதும். இன்ஜினியர் வந்து பார்ப்பார், 'இது ஆகாது, இடித்துவிடு' என்பார். நான் சமையலறையில் நின்று அதைக் கேட்பேன். யாருக்கும் அடிபடக்கூடாது. சாமி சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அது விழுந்தால் என் வாசலில்தான் விழும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. தன் மூக்கு போனாலும் எதிரிக்குச் சகுனத்தடை என்பார்களே, அந்தக் கணக்கு.

மணி 12.28. மேஸ்திரி ஆட்கள் விட்டுப்போன சுத்தியலை எடுத்தேன்.

வெளி ஓரத்து முதல் முட்டு. அடியில் ஆப்பைத் தட்டினேன். டக். டக். மூன்றாவது அடியில் ஆப்பு தெறித்தது. கம்பு ஆடியது. மெல்ல இழுத்துக் கொண்டுபோய்ச் சுவரில் சாத்தினேன். காது கொடுத்துக் கேட்டேன்.

ஒரு சத்தமும் இல்லை.

இரண்டாவது. டக். டக். டக். சாத்தினேன். மூன்றாவது. சாத்தினேன். வியர்வை கொட்டியது. மணி 12.44. வெளி ஓரம் முழுக்கக் காலி. மூன்றடி பால்கனி மூக்கை நீட்டிக்கொண்டு அப்படியே நின்றது. ஒரு கீறல் இல்லை. ஒரு 'கிரீச்' கூட இல்லை.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கம்பி கீழே கிடக்கிறது, முட்டு இல்லை, ஒன்பதே நாளான பச்சைக் கான்கிரீட். அப்படியும் அவளுடையது நிற்கிறது. அவளுக்கு மட்டும் எல்லாமே நிற்கும் போல.

சுவரோரம் போனேன். மீதி மூன்று முட்டு. முதலாவதின் ஆப்பைத் தேடிக் குனிந்தேன். குனிந்தபடியே அந்தப் பக்கம் கண் போனது.

ஒன்று... இரண்டு... மூன்று...

நாலு.

திரும்பவும் எண்ணினேன். நாலு. நடுவில் ஒன்று கூடுதலாக நின்றது. மற்றதை விடக் கொஞ்சம் பருமன். ஈரச் சாக்கு சுற்றியிருந்தது. மேலே போர்த்திய அதே சாக்கு நிறம்.

அதன் அடியில் ஆப்பு இல்லை.

மணலில் புதைந்திருந்தது. எவ்வளவு எடை இறங்கினால் அப்படிப் புதையும் என்று பார்த்தேன். கணுக்கால் வரை.

கணுக்கால்...

கம்புக்கு ஏது கணுக்கால்?

எதிர் வீட்டு டிவியில் யாரோ கடுகு தாளித்தார்கள். அந்தச் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை.

பார்வையை மேலே கொண்டுபோக எனக்கு இஷ்டமில்லை. ஆனால் போனது. முழங்கால். ஈரச் சாக்கு. இடுப்பு. தொங்கும் கூந்தல், தண்ணீர் சொட்டச் சொட்ட. கழுத்து ஒரு பக்கமாக மடிந்திருந்தது. நிமிர இடமில்லை. கன்னம் பலகையோடு ஒட்டியிருந்தது.

இரண்டு உள்ளங்கையும் மேலே.

பலகையைத் தாங்கியபடி.

கண்ணாடி வளையல் ஒன்று மெல்ல ஆடியது.

க்ளிங்...

நான் ஓடவில்லை. கையில் சுத்தியல் இருந்தது. அதை எப்போது கீழே போட்டேன் என்று தெரியாது.

அது திரும்பவில்லை. மூச்சு வாங்கும் சத்தம் மட்டும். நெல்மூட்டை சுமப்பவர்கள் வாங்குவது போல. பிறகு குரல். பெண் குரல். சாதாரணக் குரல். அதுதான் இன்றைக்கும் என்னைத் தூங்க விடாதது.

"கை நோவுது... கொஞ்சம் நீ புடி."

மணி 12.52. சுவர்க் கடிகாரம் ஜன்னல் வழியே தெரிந்தது. அதுவரைதான் எனக்கு நினைவு.

...

"அம்மா?"

கேட் பக்கமிருந்து தமிழ்ப்ரியா.

"அம்மா, யாக்கம்மா? ஏன் கைய மேல வெச்சுட்டு நிக்கற?"

நான் மணல் மேட்டில் நின்றுகொண்டிருந்தேன். சுவரோரம், இரண்டாவது முட்டுக்கும் மூன்றாவது முட்டுக்கும் நடுவே. என் இரண்டு உள்ளங்கையும் பலகையில். என் கன்னம் பலகையில். என் கால் கணுக்கால் வரை மணலில்.

சொட்டுத் தண்ணீர் என் தலையில் விழுந்துகொண்டிருந்தது.

கடிகாரம் 1.35.

எடை இருந்தது. பொய்யில்லை. பால்கனி முழுக்க என் கையில் இருந்தது. விரலை ஒரு நூல் தளர்த்தினேன். மேலே...

கிர்ர்ர்க்.

நான் கேட்க ஆசைப்பட்ட சத்தம்.

தமிழ்ப்ரியா கேட்டைத் திறந்துவிட்டாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நேராக என்னிடம் வருகிறாள். நாலு அடி வந்தால் பால்கனிக்கு அடியில்.

"வராத!"

அது என் குரலாகவே இல்லை. பிள்ளை நின்றுவிட்டாள்.

"உள்ள வராத. ஓடு. ஜடையன் மாமாவக் கூப்பிடு. ஓடுடி!"

அவள் ஓடினாள். அவள் நின்ற இடத்தை அப்போதுதான் பார்த்தேன். முற்றத்துச் சிமெண்ட் தரையில் ஈரக் கால்தடம். வெறுங்கால். என் காலடியில் தொடங்கிக் கேட் வரை போயிருந்தது. வெளியே போன தடம் மட்டும்தான். வெயிலில் ஒவ்வொன்றாகக் காய்ந்துகொண்டிருந்தது.

ஜடையன் வந்தபோது மணி 1.48. பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்திருந்தார், கை கழுவக்கூட இல்லை. கூட இரண்டு ஆள். என்னைப் பார்த்தார். சுவரில் சாத்தியிருந்த மூன்று கம்பையும் பார்த்தார்.

"அசையாதீங்கக்கா. அப்படியே நில்லுங்க."

டக். டக். டக். முதல் முட்டு. இரண்டாவது. மூன்றாவது. கடைசி ஆப்பு இறுகியதும் என் கையிலிருந்து எடை கழன்றது. கை மட்டும் இறங்கவில்லை. அவர்கள்தான் பிடித்து, மடக்கி, இறக்கினார்கள்.

சாயங்காலம் எல்லோரும் திரும்பினார்கள். முட்டு தானாகச் சரிந்தது, அக்கா ஓடிப்போய்த் தாங்கினார் என்று ஜடையனே சொல்லி முடித்துவிட்டார். செவ்வாய்க்கிழமை இன்ஜினியர் ஆள் வைத்துக் கொத்திப் பார்த்தார். கம்பி மொத்தமும் அடியில் கிடந்தது.

"இது முட்டு இல்லாம ஒரு நிமிஷம் நிக்காது மேடம்," என்றார். "எப்படி நின்னுச்சுன்னே எனக்குத் தெரியல."

பால்கனியை இடித்தார்கள். நான் கேட்டது கிடைத்தது. வினிதா என் மரத்துப்போன கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீங்க இல்லேன்னா என்ன ஆயிருக்கும் அக்கா?" அவ்வளவு சுத்தமாக அழ அவளால் முடிகிறதே என்று அப்போதும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. இன்றுவரை நான் அவளிடம் எதையும் சொல்லவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து ஜடையன் முட்டு எடுக்க வண்டியோடு வந்தார். வீட்டில் வேறு யாரும் இல்லை. அவர் கம்புகளை அடுக்கிக் கயிறு கட்டும்போது கேட்டேன்.

"இந்த மரம் இதுக்கு முன்னாடி எங்க இருந்துச்சுங்க?"

"கேக்காதீங்கக்கா."

நான் அங்கேயே நின்றேன். அவர் கயிற்றைப் பார்த்தபடியே சொன்னார்.

"போன வருஷம். சாமராஜநகர்ல ஒரு ஊடு. இதே மாதிரி, மாடியில இருந்த சின்ன மருமகளுக்குப் பால்கனி. பதினோராம் நாளு மத்தியானம் விழுந்துருச்சுங்க. கீழ் ஊட்டு மூத்த மருமக அடியில. மாதம்மான்னு பேரு. தண்ணி விட வந்து நின்னாங்கன்னு போலீஸ்ல எழுதிக்கிட்டாங்க."

"தண்ணி விட வரலையா?"

"இடிஞ்சதப் பொரட்டுனது நானும்தானுங்க. ரெண்டு கையும் மேல தூக்குனாப்பல இருந்துச்சு. மடக்க முடியல. அப்படியேதான் வண்டியில ஏத்துனோம்."

கயிற்றை இழுத்து இறுக்கி முடிச்சுப் போட்டார். வண்டியில் ஏறி உட்கார்ந்தார். கிளம்பும்போதுதான் என் முகத்தைப் பார்த்தார்.

"இதுல மூணு முட்டு மட்டும் அன்னிக்கு ஒடையவே இல்லீங்கக்கா. செவுத்துல வரிசையா சாத்தி வெச்சிருந்துச்சு. நீங்க சாத்தி வெச்சிருந்தீங்களே, அதாட்டமேதான்."